ஒலிவாரெஸ் பிரபுவின் சம்பந்தி

ஸ்காபரோவில் அச்சடித்த கலியாண அழைப்பிதழ்ப் பெட்டி வந்து சேர்ந்தபோது நான் வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. மார்ச் மாதச் சேறு வாசலெல்லாம் ஒழுக, மகளின் கலியாணக் கார்ட் அல்லவா என்ற சந்தோசத்தில் நின்றபடியே பெட்டியைக் கிழித்து ஒன்றை எடுத்து வாசித்தேன். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட இரவிச்சந்திரன், புஷ்பராணி தம்பதிகளின் செல்வப் புதல்வி ஆர்த்திகா. சரி. அதற்குக் கீழே மாப்பிள்ளை பக்கம் இப்படி இருந்தது: 'ஸ்பெயின் நாட்டு ஒலிவாரெஸ் பிரபு வம்சத்தைப் பூர்வீகமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட காலஞ்சென்ற ரொமெல் ஒலிவாரெஸ், லூர்டெஸ் ஒலிவாரெஸ் தம்பதிகளின் செல்வப் புதல்வன் மைக்கல்.'

திரும்ப வாசித்தேன். எழுத்து மாறவில்லை. உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார்டைத் திருப்பி ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே வெறும் பெயர்கள் மட்டும்தான். பிரபுவும் இல்லை, ஸ்பெயினும் இல்லை. அப்போதுதான் கோபம் இரண்டு மடங்கானது. தெரியாமல் செய்தவன் இரண்டு பக்கமும் எழுதியிருப்பான். தமிழில் மட்டும் எழுதியவனுக்குத் தான் என்ன செய்கிறேன் என்று நன்றாகத் தெரியும்.

லூர்டெஸ் பிலிப்பைன்ஸ்காரி. அவள் ஸ்பெயினைக் கண்டதில்லை. செத்துப்போன அவளுடைய புருசனும் கண்டதில்லை. இது என் மனுசனுக்கும் தெரியும்.

அவள் எனக்குச் சம்பந்தியாக வரமுதலே சிநேகிதி. லாசாலில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குக் குசினியில் வேலை, அவளுக்கு மேல்மாடியில் வேலை. காலையில் கிழடுகளை எழுப்பி, குளிக்க வார்த்து, உடுப்புப் போட்டு, ஊட்டி விடுகிறவள். இடைவேளையில் என்னிடம் இறங்கி வந்து, நான் உரித்துக்கொண்டிருக்கும் உருளைக்கிழங்கில் பாதியை உரித்துத் தந்துவிட்டுப் போவாள். பாதி ஆங்கிலமும் பாதி பிரெஞ்சுமாகத்தான் நாங்கள் கதைப்போம். இரண்டிலும் இரண்டு பேரும் பிழைவிடுவதால் ஒருவருக்கொருவர் வெட்கப்பட வேண்டிய தேவை வந்ததில்லை.

பிள்ளைகள் சந்தித்ததும் அந்த இல்லத்தின் வாசலில்தான். பனிக்காலத்தில் ஆர்த்திகா என்னை ஏற்ற வருவாள், மைக்கல் தாயை ஏற்ற வருவான். ஒருநாள் அவளுடைய கார் பனிக்குள் புதைந்து நிற்க, அவன் பனி அள்ளுகிற சவளோடு வந்து கிளப்பிக் கொடுத்தான். பிறகு பனி இல்லாத நாளிலும் கிளப்பிக் கொடுக்க வந்தான். எலெக்ட்ரிசியன் வேலை, அமைதியான பெடியன், தாய்க்கு முன்னால் குரலை உயர்த்தாதவன். எனக்குப் பிடித்திருந்தது. மகள் வீட்டில் சொன்னபோது என் மனுசன் மட்டும் சாப்பிடாமல் போய்ப் படுத்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சம்பந்தம் என்று வந்தால் முதலில் விசாரிப்பு. அந்த ஊரில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, பாட்டனுக்குப் பாட்டன் யார், எந்தக் குறிச்சி, யார் யாரைக் கட்டினார்கள் என்று கிண்டி எடுத்துவிடுவார்கள். கடைசியில் வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "என்ன ஆக்கள்?" கேட்கிறவர் சாதி என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார். அது அந்தக் கேள்விக்குள் சப்பளமிட்டு உட்கார்ந்திருக்கும். மொன்றியலுக்கு வந்து முப்பது வருசமானாலும், பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தாலும், அந்தக் கேள்விக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஒலிவாரெஸ் என்றால் யாரிடம் போய் விசாரிப்பது? அளவெட்டியில் ஒருவருக்கும் தெரியாது. என் மனுசன் படுத்த படுக்கையில் தொலைபேசியை விசாரித்தார். குடும்பப் பெயர்களுக்கு மூலம் சொல்கிற இணையத்தளங்கள் இருக்கின்றனவாம். ஸ்பெயினில் செவில் நகரத்துக்குப் பக்கத்தில் ஒலிவாரெஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பட்டத்தோடு ஒரு பிரபு, ராஜாவுக்கு மந்திரியாகவே இருந்து நாட்டை ஆட்டிவைத்திருக்கிறார். இதை வாசித்ததும் மனுசன் எழும்பி வந்து இடியப்பம் கேட்டார்.

அதே பக்கத்தில் ஓர் உலகப்படமும் இருந்தது. அந்தப் பெயர்க்காரர் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று நிறம் தீட்டிக் காட்டியிருந்தார்கள். மெக்சிக்கோ கருஞ்சிவப்பு. பெரு, சிலி, வெனிசுவேலா சிவப்பு. பிலிப்பைன்ஸ் தீவுகள் ஒவ்வொன்றும் சிவப்பு. ஸ்பெயின் ஒரு மூலையில் இருந்தது. நான் விரலால் பிலிப்பைன்ஸைக் காட்டினேன். அவர் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெருப்பித்து ஸ்பெயினை மட்டும் திரையில் நிறுத்தினார். பிறகு அந்தப் பிரபுவின் கேடயச் சின்னத்தைக் கன்வசில் அச்சடிப்பித்து, எங்கள் ஹோலில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார். முருகன் பாவம், ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்போது அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டு விட்டேன்.

இப்போது அச்சில் வந்திருக்கிறது. அவர் வேலையால் வரும்வரை அந்தச் சப்பாத்தோடேயே குசினிக் கதிரையில் இருந்தேன். அவர் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓடுகிறவர். கப்பலில் வருகிற பிலிப்பீனோ மாலுமிகளோடு பகிடி விட்டுச் சிரித்துக் கதைத்துவிட்டு, அவர்கள் கொடுத்த மாம்பழ வத்தலோடு வீட்டுக்கு வருகிற மனுசன்.

"இஞ்சாருங்கோ, உதென்ன எழுதி வைச்சிருக்கிறியள்?"

கார்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "என்ன பிழை? பேர் ஸ்பானிஷ் பேர்தானே?"

"பேர் ஸ்பானிஷ். ஆள் ஸ்பானிஷே?"

"உனக்கு ஒண்டும் விளங்காது. அக்கா கேட்டவ, என்ன ஆக்கள் எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது?"

அக்கா என்றால் சிவமலர் மச்சாள். ஸ்காபரோவில் இருக்கிறார். அவர் ஒரு கேள்வி கேட்டால் என் மனுசன் அறுபது வயதிலும் பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி எழும்பி நிற்பார்.

"பிலிப்பைன்ஸ் ஆக்கள் எண்டு சொல்லுறது. வாய் சுட்டுப்போடுமே?"

"சொன்னால் சனம் என்ன சொல்லும் தெரியுமே? கிழடுகளுக்குக் கழுவித் துடைக்கிற ஆக்களிட்டைப் பெட்டையைக் குடுத்திட்டான் எண்டு சிரிப்பினம்."

"அதே கட்டிடத்திலைதான் நானும் வேலை செய்யிறன்."

"நீ வேறை."

"என்ன வேறை?"

"நீ டயட் டிப்பார்ட்மென்ட் எண்டுதான் எல்லாருக்கும் தெரியும்."

நான் குசினியில் கோப்பை கழுவுகிறேன், காய் வெட்டுகிறேன், பெரிய கிடாரங்களைச் சுரண்டுகிறேன். என் கை விரல்களைப் பார்த்தாலே தெரியும். இத்தனை வருசமும் நான் கோயிலில், கலியாண வீடுகளில் சேலை கட்டிக்கொண்டு நின்று சிரித்தபோதெல்லாம், எனக்கே தெரியாமல் ஒரு டயட் டிப்பார்ட்மென்ட் என்னைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. லூர்டெசுக்கு ஸ்பெயின், எனக்கு டிப்பார்ட்மென்ட். இந்த மனுசன் யாரை உள்ளபடி வைத்திருக்கிறார்?

"உங்கட குடும்பப் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"சொல்லுங்கோவன்."

"இளையதம்பி."

"அதை ஆர் வைச்சது? மிராபெல் எயார்ப்போட்டிலை வந்து இறங்கினபோது இமிக்கிரேசன்காரன் உங்களிட்டைக் குடும்பப் பேர் கேட்டவன். இல்லை எண்டியள். அவன் உங்கட அப்பாவின்ர பேரைத் தூக்கிப் பெட்டிக்குள்ளை எழுதிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டவன். உங்களிட்டை அப்ப என்ன வம்சம் கேட்டவனே?"

"அது வேறை."

இவருக்கு எல்லாமே வேறை. நான் கார்ட் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும் என்றேன். சிவமலர் மச்சாள் அச்சகத்திலிருந்தே ஒரு கட்டுக் கார்டை எடுத்து ரொறொன்ரோ முழுக்கக் கொடுத்து முடித்துவிட்டாராம். அப்படியென்றால் மச்சாளிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "பேந்து சொல்லுறன்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அவைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமே? ஏன் சும்மா கிளறுறாய்?" என்றார். எங்கள் மகளுக்கே தமிழ் வாசிக்க வராது. தங்க எழுத்தைத் தடவிப் பார்த்து, வடிவாக இருக்கிறது அம்மா என்று பிரெஞ்சில் சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளே தன் கையால் ஒரு கார்டை மைக்கலின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

லூர்டெசுக்கு நானே சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வாயெடுப்பேன். வெட்கத்தில் உருளைக்கிழங்கு விலையைக் கதைத்துவிட்டு விடுவேன். அதற்கிடையில் அவள் வேறு வழியால் தெரிந்துகொண்டாள்.

இல்லத்தின் இரண்டாம் மாடியில் சிவநேசம் மாஸ்டர் என்று ஒரு தமிழ் ஐயா இருக்கிறார். காலையில் அவருக்குச் சவரம் செய்துவிடுவது லூர்டெஸ்தான். மகனுடைய கலியாணக் கார்டில் தன் பெயரைத் தமிழில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க அவளுக்கு ஆசை. பாதிச் சவரத்தில் அவரிடம் கார்டை நீட்டியிருக்கிறாள். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு, வரி வரியாக வாசித்து, வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்லி, "நீ ஸ்பெயின் பிரபு வம்சமா? எனக்குத் தெரியாதே" என்று கைகுலுக்கவும் செய்திருக்கிறார்.

அவள் குசினிக்கு வந்தபோது கையில் சோப்பு நுரை காயவில்லை. கார்டை என் வெட்டுப்பலகையில், கரட் துண்டுகளுக்கு மேல் வைத்தாள்.

"இது உனக்குத் தெரியுமா, புஷ்பா?"

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"பெட்டி வந்த அன்றிலிருந்து."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குப் பிரபு எப்படிக் கிடைத்தார் என்று சொல்கிறேன், உன் புருசனிடம் போய்ச் சொல்" என்றாள். "எங்கள் ஊர் பிக்கோல் பக்கம். எங்கள் ஊர் வாத்தியார் பெயர் ஒக்காம்போ. இறைச்சிக்கடைக்காரர் ஒர்த்தேகா. மருத்துவிச்சி ஒரோஸ்கோ. பக்கத்து வீடு ஒலிவா. ஊர் முழுக்க ஓ எழுத்து. பக்கத்து ஊருக்குப் போனால் எல்லாருக்கும் வேறு ஓர் எழுத்து. ஏன் தெரியுமா? ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பதில் ஒரு ஸ்பெயின் கவர்னர், இந்தச் சனத்துக்கு ஒழுங்கான குடும்பப் பெயர் இல்லை, வரி அறவிட முடியவில்லை என்று, ஸ்பானிஷ் பெயர்களை அகரவரிசையில் ஒரு பெரிய புத்தகமாக அச்சடித்தான். ஒவ்வோர் ஊருக்கும் சில பக்கங்கள். எங்கள் ஊருக்கு ஓ பக்கம் வந்தது. கோயில் முற்றத்தில் வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைத் தெரிவு செய் என்றார்கள். முன்னால் நின்றவனுக்கு ஒக்காம்போ. பின்னால் நின்றவனுக்கு ஒலிவாரெஸ். அவ்வளவுதான் எங்கள் வம்சம். நான் பிறந்தது ஒக்காம்போ, கட்டியது ஒலிவாரெஸ். ஒரே பக்கத்துக்குள்ளேயே கலியாணம் முடித்தவள் நான்."

நான் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஒலிவாரெஸ் என்றால் ஒலிவ் தோப்பாம். என் புருசனின் பாட்டன் பூட்டன் ஒருவனும் ஒலிவ் மரத்தைக் கண்டதில்லை. நானே ஒலிவைக் கண்டது இங்கே ஒரு டெப்பனரில், மூலைக்கடையில், போத்தலுக்குள். எடுத்து வாயில் வைத்தேன், துப்பிவிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

"அந்தப் பெயரை எங்கள் தலையில் கட்டினவர்கள் எங்களைக் கேட்கவில்லை. பரவாயில்லை, அது பழைய கதை, இப்போது அது என் பெயர், என் மகனின் பெயர். ஆனால் உன் புருசன் புதிதாக ஒன்றைக் கட்டியிருக்கிறார். அவரும் என்னைக் கேட்கவில்லை." கார்டிலிருந்த கரட் தண்ணீரைத் துடைத்தாள். "நான் சண்டைக்கு வரவில்லை. பிள்ளைகளுக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேடையில் நான் ஸ்பெயின்காரியாக வந்து நிற்கமாட்டேன். அதற்கு முதல் உன் வீட்டிலிருந்து ஒருவர், உன் ஆட்களுக்கு முன்னால், அந்த வரி பொய் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் தேவாலயத்தில் நடக்கிற கலியாணத்துக்கு மட்டும் வருவேன். உங்கள் மண்டபத்துக்கு வரமாட்டேன்."

மாப்பிள்ளையின் தாய் இல்லாத மேடை. மகன் தாலி கட்டும்போது தாய் மொன்றியலின் கோத் தெ நேஜ் பகுதியில் தன் வீட்டுக்குள் இருப்பாள். நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு வெந்தது. அன்றிலிருந்து கலியாணம்வரை எனக்கு வேறு எந்த வேலையும் பெரிதாகப்படவில்லை. அந்த மனுசனின் வாயைத் திறக்க வைப்பது ஒன்றுதான் வேலை.

காலையில் கேட்பேன். "பேந்து" என்பார். லொறி நிறுத்தி அழைப்பு எடுக்கும்போது கேட்பேன். "வேலையில நிக்கிறன்" என்பார். தனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னார். பரிசோதித்த டொக்டர் ஒன்றுமில்லை என்றார். கியூபெக்கில் கலியாணம் முடித்த பெண் புருசனின் குடும்பப் பெயரை எடுக்க முடியாது, பிறந்த பெயரோடுதான் இருப்பாள் என்று ஆர்த்திகா சொன்ன அன்றுதான் மனுசனுக்கு உண்மையான நெஞ்சு வலி வந்தது. ஆர்த்திகா ஒலிவாரெஸ் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து ருசித்துக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளை கடைசிவரை ஆர்த்திகா இளையதம்பிதான். எனக்கு அந்த நாட்களில் கிடைத்த ஒரே சந்தோசம் அது.

ஜூன் வந்தது. கலியாணத்துக்கு முதல் புதன்கிழமை பொன்னுருக்கல். தாலிக்கு வேண்டிய பொன்னை, நகை செய்கிற ஆசாரியாரை வரவழைத்து உருக்குகிற சடங்கு. அது மாப்பிள்ளை வீட்டில் நடக்க வேண்டும், பெண்வீட்டார் அங்கே போக வேண்டும், பெண் மட்டும் போகக்கூடாது. என் மனுசன் அதை எங்கள் வீட்டில் வைக்கலாம் என்றார். அவர்களுடைய வீடு சின்னது, பார்க்கிங் இல்லை, லிப்ட் சத்தம் போடும் என்று காரணங்களை அடுக்கினார். காரணம் ஒன்றுதான், எனக்குத் தெரியும். அந்த வீட்டைப் பார்த்தால் பிரபு வம்சம் இல்லை என்று சிவமலர் மச்சாளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டிலைதான்" என்றேன். "அதை மாத்தினால் நான் இந்தக் கலியாணத்துக்கு ஒரு பாத்திரம் தூக்கமாட்டன். டயட் டிப்பார்ட்மென்ட் லீவு எண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ."

ஒத்துக்கொண்டார். அதற்கு முதல் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் வாக்கும் தந்தார்.

அந்தப் புதன்கிழமை லூர்டெசின் வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சுவரில் பெரிய மரக்கரண்டியும் முள்ளுக்கரண்டியும், மூலையில் குழந்தை யேசுவின் சிலை, அதற்கு முன்னால் நான் கொண்டுபோன குத்துவிளக்கும் நிறைகுடமும். மரக்கறி மட்டும் போட்டு ஒரு பெரிய தட்டில் நூடில்ஸ் செய்து வைத்திருந்தாள். எங்கள் ஆட்கள் அன்று மச்சமாமிசம் சாப்பிடமாட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள். மைக்கல் வேட்டியை பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு கதிரையில் ஏறி, ஆசாரியாரின் நெருப்புக்கு அலறாமல் இருக்கப் புகைமணியைக் கழற்றினான். ஆசாரியார் ஜன்னலடியில் தன் சின்ன அடுப்பையும் ஊதுகுழலையும் பரப்பினார்.

சிவமலர் மச்சாள் தன் புருசனோடும் இன்னும் இரண்டு உறவுக்காரரோடும் வந்து சோபாவில் அமர்ந்தார். மரக்கரண்டியைப் பார்த்தார். யேசுவைப் பார்த்தார். லூர்டெசின் முகத்தைக் கனநேரம் பார்த்தார். நான் என் மனுசனைப் பார்த்தேன். அவர் நிலத்து மரத்தில் உள்ள கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் விளங்கியது, மனுசன் சொல்லவில்லை. பிள்ளையாரையும் ஏமாற்றியாயிற்று.

மச்சாள் ஆங்கிலத்தில் லூர்டெசிடம் கேட்டார். "நீங்கள் ஸ்பெயினில் எந்தப் பக்கம்?"

லூர்டெஸ் என்னைப் பார்த்தாள். நான் கையில் தேங்காயோடு நின்றேன். நாக்கு எழும்பவில்லை. முப்பது வருசமாக இந்த மச்சாளுக்கு முன்னால் நான் தேநீர்த் தட்டோடு நின்று பழகியவள். மைக்கல் கதிரையில் நின்றபடி, "ஸ்பெயினா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினான்.

"செவில்" என்றாள் லூர்டெஸ்.

"அம்மா?" என்றான் மைக்கல். அவள் தங்கள் பாஷையில் ஒரு சொல் சொன்னாள். அவன் வாயை மூடினான். மச்சாள் திருப்தியோடு தலையை ஆட்டினார். என் மனுசன் தலையை நிமிர்த்தி, அறைக்குள் வந்த பிறகு முதல்தடவையாகச் சிரித்தார். லூர்டெஸ் குசினிக்குள் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அப்படிச் சொன்னாய்?" என்றேன்.

"என் மகன் வேட்டி கட்டிக்கொண்டு கதிரையில் நிற்கிறான். என்னால் அவன் சிரிப்பைக் கெடுக்க முடியவில்லை." குழாயை மூடினாள். "முன்பு வேலைக்குப் போன வீடுகளில் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், புஷ்பா. எங்கே என்ன சொன்னால் உள்ளே விடுவார்களோ அதைச் சொல்லியிருக்கிறேன். என் சொந்த வீட்டில் நின்று சொன்னது இதுதான் முதல்தடவை. உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ மாதக்கணக்காக என்னிடம் உன் புருசனைத் திட்டினாய். அந்தப் பெண் கேட்டபோது உன் வாய் எங்கே போனது?"

நான் தேங்காயின் குடுமியைக் கிள்ளிக்கொண்டு நின்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்கு வரமாட்டேன்" என்றாள். "போ, உன் ஆட்களைக் கவனி."

கோபம் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கோபமே இல்லை. வெறும் புறுபுறுப்பு. உருளைக்கிழங்குக்கு மேலே புறுபுறுப்பது, தொலைபேசியில் புறுபுறுப்பது, வேண்டிய இடத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டை. அந்த மனுசன் மீது வந்ததைவிட என் மீது எனக்கு எரிச்சல் வந்தது. தேங்காயைக் குசினி மேசையில் வைத்துவிட்டு ஹோலுக்குப் போனேன்.

"மச்சாள், லூர்டெஸ் ஸ்பெயின் இல்லை" என்றேன். "பிலிப்பைன்ஸ். கார்டிலை இருக்கிறது பொய். உங்கட தம்பி எழுதின பொய்."

"புஷ்பா!" என்றார் என் மனுசன்.

"நீங்கள் பொறுங்கோ. உங்களுக்குத் தந்த நேரம் முடிஞ்சுது. மச்சாள், இன்னும் ஒண்டு. நான் டயட் டிப்பார்ட்மென்ட் இல்லை. கோப்பை கழுவுறன். லூர்டெஸ் கிழடுகளுக்குக் கழுவுறா. நாங்கள் ரெண்டு பேரும் ஒரு இடத்திலைதான் வேலை செய்யிறம்."

மச்சாளின் முகத்தில் ஈயாடவில்லை. "என்னடா தம்பி இது?" என்றார். தம்பி மறுபடி நிலத்துக் கோடுகளை எண்ணத் தொடங்கினார். மச்சாள் என் பக்கம் திரும்பினார். "சபையிலை என்னைக் கூப்பிட்டு வைச்சு அவமானப்படுத்திறியோ? நான் என்ன கேட்டனான்? என்ன ஆக்கள் எண்டு கேட்டது ஒரு பிழையே?"

"பிழையில்லை. சொல்லுறன், என்ன ஆக்கள் எண்டு. மாமி, உங்கட அம்மா, ஸ்காபரோவிலை கடைசியாக் கிடந்த இல்லத்திலை அவவைப் புரட்டிப் புரட்டித் துடைச்ச ஆக்கள். படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்ட ஆக்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பூவோடை போய்ப் பாத்திட்டு வந்தியள். நாங்கள் மொன்றியலிலையிருந்து மாதத்துக்கு ஒருக்கா வந்தம். மாமி சாகேக்கை பக்கத்திலை இருந்து கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஒரு பிலிப்பீனோப் பிள்ளை. செத்தவீட்டுக்கும் வந்தவள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, பின் வரிசையிலை. அந்தப் பிள்ளையின்ர பேர் என்ன, மச்சாள்?"

மச்சாள் என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

"குடும்பப் பேர் வேண்டாம். வம்சம் வேண்டாம். அவளை நாங்கள் கூப்பிட்ட பேர் என்ன?"

மச்சாளின் புருசன் தன் கைகளைப் பார்த்தார். என் மனுசனின் உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. பெற்ற தாயின் கடைசி மூச்சைக் கேட்ட ஆளின் பெயர் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கேட்டு முடித்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது. அவளை "நேர்ஸ், நேர்ஸ்" என்றுதான் நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

மச்சாள் கைப்பையை எடுத்தார். "நாங்கள் போறம்" என்று புருசனிடம் சொன்னார். உறவுக்காரர் இருவரும் எழும்பினார்கள். என் மனுசன் அவர்களுக்குப் பின்னால் வாசல்வரை போய், ஒரு சப்பாத்தை மாட்டிக்கொண்டு, மற்றக் காலை வெறுங்காலாக வைத்தபடி நின்றார். லிப்ட் வந்து கதவு திறந்தது.

"இரவி, வாறியோ?" என்றார் மச்சாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் நான் மார்ச் மாதத்திலிருந்தே சொல்லி முடித்துவிட்டேன். மற்றச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு லிப்டுக்குள் போனார்.

மைக்கல் கதிரையிலிருந்து இறங்கி வந்து, "அன்ரி, என்ன நடந்தது?" என்று பிரெஞ்சில் கேட்டான். பிறகு எல்லாம் சொல்கிறேன் என்றேன். குசினிக் கதவடியில் லூர்டெஸ் நின்றுகொண்டிருந்தாள். தமிழில் நடந்த சண்டை அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. வெற்றிலைத் தட்டில் பொன் நாணயத்தை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வந்து ஆசாரியாருக்கு முன்னால் சப்பளமிட்டு இருந்து, தனக்குப் பக்கத்தில் நிலத்தைத் தட்டி என்னையும் இருக்கச் சொன்னாள். இருந்தேன்.

ஆசாரியார் மணிக்கூட்டைப் பார்த்தார், திறந்து கிடந்த வாசலைப் பார்த்தார். பெண்வீட்டு ஆம்பிளை திரும்பி வரட்டும் என்று காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"நல்ல நேரம் முடியப்போகுது, அம்மா" என்றார். "ஐயா வருவாரே?"

"நாங்கள் இருக்கிறம்" என்றேன். "நீங்கள் உருக்குங்கோ."